தேங்காய்க்கும் எண்ணெய்க்கும் நடுவே ஒரு காற்புள்ளி

கேள்வி: எனக்கு 27 வயது. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு, ராயப்பேட்டையில் ஒரு சிறிய பதிப்பகத்தில் எட்டு மாதமாக மெய்ப்புத் திருத்துகிறேன். ஒற்று, இடைவெளி, குறி எதிலும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. போன வாரம் ஒரு கட்டுரைத் தொகுப்பில், ஆசிரியர் போட்டிருந்த காற்புள்ளிகளில் பாதியை எடுத்துவிட்டேன். வியப்புக்குறிகள் அத்தனையையும் எடுத்துவிட்டேன். "தொல்காப்பியர் காற்புள்ளி போட்டாரா? எதை வைத்து என்னைத் திருத்துகிறாய்?" என்று போனில் சத்தம் போட்டார். எங்கள் லே-அவுட் அண்ணன் கேள்விக்குறிக்கு முன்னால் ஓர் இடம் விடுகிறார். வரி நிரம்பாவிட்டால் எழுத்துகளை இழுத்துப் பரப்புகிறார். சொன்னால், "முப்பது வருஷமா இப்படித்தாம்மா" என்கிறார். வீட்டில் மாமியார் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைக்கூடத் திருத்தித் திருப்பி அனுப்பினேன். இப்போது அவர் எனக்கு எழுதுவதையே நிறுத்திவிட்டார். இதில் எது விதி, எது என் பிடிவாதம்?
குரோம்பேட்டை வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் விதியும் இருக்கிறது, உங்கள் விருப்பமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், ஒவ்வொரு பதிப்பகமும் தனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டிய வழக்கம் என்று ஒன்றும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நீங்கள் ஒரே குரலில் சண்டை போடுகிறீர்கள். அதனால் நீங்கள் சரியாகச் சொல்லும் இடத்திலும் யாரும் காது கொடுப்பதில்லை. கண்டிப்பை விட்டுவிடச் சொல்லமாட்டேன். நானும் கண்டிப்பானவள்தான். எந்த இடத்தில் வாசகர் தடுக்கி விழுவாரோ அந்த இடத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில். ஈய எழுத்து விடைபெற்றுக்கொண்டிருந்த காலம். இரண்டாவது வருடம் ஒரு சமையல் புத்தகம் வந்தது. ஒரு கூட்டுக்குத் தேவையான பொருள்கள் ஒரே பத்தியாக ஓடின. கையெழுத்துப் பிரதியில் எழுதிய அம்மா 'தேங்காய், எண்ணெய்' என்று எழுதியிருந்தார். எழுத்துக் கோத்தபோது காற்புள்ளி விழவில்லை. மெய்ப்பில் 'தேங்காய் எண்ணெய்' என்று பார்த்தேன், பிழையாகவே படவில்லை. அப்படி ஒரு பொருள் இருக்கிறதே, அதில் தாளிப்பவர்களும் இருக்கிறார்களே. புத்தகம் வெளிவந்த பிறகு அந்த அம்மா நேரில் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்த வரியில் நகத்தை அழுத்திக் காட்டினார். "இதுல தேங்காயே இல்லையேம்மா, எதை அரைப்பாங்க?" என்றார். கீழே செய்முறையில் 'தேங்காயை அரைத்து ஊற்றவும்' என்று இருக்கிறது. மேலே பொருள்களில் தேங்காய் இல்லை. அன்றிலிருந்து எந்தப் பட்டியலையும் காற்புள்ளி காற்புள்ளியாக விரல் வைத்துத்தான் பார்க்கிறேன். 'கடலை, பருப்பு' என்றால் இரண்டு பொருள். 'கடலைப்பருப்பு' என்றால் ஒன்று. ஒற்றும் இல்லாமல் குறியும் இல்லாமல் 'கடலை பருப்பு' என்று விட்டுவிட்டால், சமைப்பவர் அடுப்படியில் நின்று யோசிக்க வேண்டியதுதான்.

தமிழில் விதி என்று நான் அடித்துச் சொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களைத்தான். குறிகளைவிட ஒற்றும் சொல்லிடைவெளியும் இங்கே முக்கியம். 'வேலை கொடு' என்றால் உத்தியோகம் கேட்கிறோம், 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறோம். 'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. 'வந்துவிட்டான்' என்றால் வந்தாயிற்று. 'வந்து விட்டான்' என்று பிரித்தால், வந்து எதையோ விட்டுவிட்டுப் போனான் என்று ஒரு கணமாவது தோன்றும். துணைவினையைச் சேர்த்து எழுதுங்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான். இந்த இடங்களில் ஆசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் நீங்கள் பின்வாங்க வேண்டாம். மரியாதையாக, பொருள் மாறுகிறது என்று காட்டிச் சொல்லுங்கள், கேட்பார்கள். ஒற்று எங்கே மிகும் என்று சூத்திரம் ஒப்பித்தால் கேட்கமாட்டார்கள்.

உங்கள் ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். கோபத்தில் வந்தாலும் நல்ல கேள்வி. தொல்காப்பியர் காற்புள்ளி போடவில்லை. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது. மெய்யெழுத்துக்குரிய புள்ளியையே பெரும்பாலும் வைக்கமாட்டார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று. எங்கே நிறுத்துவது, எதை எதோடு சேர்ப்பது என்பதை உரையாசிரியர்கள் சொல்லாலேயே காட்டினார்கள். 'என்க', 'என்றவாறு' என்று வந்தால் அங்கே பேச்சு முடிந்தது. செய்யுளின் சொற்களை எந்த வரிசையில் கூட்டிப் பொருள்கொள்வது என்பதற்குப் பொருள்கோள் என்று தனி இலக்கணமே வைத்திருந்தார்கள். இன்று நாம் போடும் குறிகள் அச்சோடு வந்தவை. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578இல் கொல்லத்தில் வந்துவிட்டது. ஆனால், உரைநடையில் குறிகளை முறையாகப் போட்டு நிலைநிறுத்தியவர் என்று ஆறுமுக நாவலரைத்தான் சொல்வார்கள். 1822இல் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தவர், அச்சு இயந்திரம் வாங்கக் கடல் கடந்து சென்னைக்கு வந்தவர், பிறகு இங்கே தங்கசாலையிலும் அச்சகம் நடத்தியவர். தமிழ் உரைநடையில் குறிகள் வேர்பிடித்து இன்னும் இருநூறு வருடம்கூட ஆகவில்லை என்று நீங்களே ஆசிரியரிடம் ஒப்புக்கொள்ளலாம்.

அதற்காக இஷ்டத்துக்குப் போடலாம் என்று ஆகிவிடாது. தமிழ் வாக்கியம் தனக்கு வேண்டிய வேலையில் பாதியை விகுதியாலேயே முடித்துக்கொள்கிறது. 'அண்ணனும் தம்பியும் அக்காவும் வந்தார்கள்' என்பதில் காற்புள்ளிக்கு வேலையே இல்லை, 'உம்' எண்ணிக் கொடுத்துவிடுகிறது. 'உம்'மை எடுத்துவிட்டால்தான் காற்புள்ளி கட்டாயம். அந்த அம்மா 'தேங்காயும் எண்ணெயும்' என்று எழுதியிருந்தால், அச்சகத்தில் என்ன நடந்திருந்தாலும் கூட்டில் தேங்காய் இருந்திருக்கும். 'வருவாயா' என்பதில் கேள்வி அந்த 'ஆ'விலேயே இருக்கிறது, கேள்விக்குறி அதை உறுதிசெய்கிறது, அவ்வளவுதான். 'என்று' வந்துவிட்டால் மேற்கோள் மூடிவிட்டது. அதனால் "வா," என்றான் என்று மேற்கோளுக்குள்ளே காற்புள்ளி வைப்பதை நான் ஏற்பதில்லை. அது ஆங்கிலப் புத்தகம் படித்துக் கைக்கு வந்த பழக்கம். 'ஆனால்', 'எனவே' என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்தச் சொல்லுக்குப் பின் காற்புள்ளி விழுவதும் அப்படித்தான். வாக்கியம் நீண்டால் போடலாம், குட்டி வாக்கியத்துக்கு வேண்டாம். 'அவர் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை?' என்று வந்தால் மட்டும் நான் யாரிடமும் கேட்காமல் திருத்திவிடுவேன். தெரியவில்லை என்று சொல்கிறார், யாரையும் கேட்கவில்லை. அங்கே கேள்விக்குறி பிழை.

இப்போது உங்கள் தவறு. வியப்புக்குறிகள் அத்தனையையும் எடுத்தேன் என்கிறீர்கள். ஒரே இடத்தில் மூன்று மூன்றாக நின்றிருந்தால் எடுத்தது சரி, ஒன்று போதும். ஆனால் நம் அச்சு வழக்கில் அந்தக் குறி வியப்புக்கு மட்டும் உரியதில்லை. கூப்பிடும் இடத்திலும் நிற்கும். 'அன்புடையீர்!', 'நண்பர்களே!' என்று வரும்போது அங்கே யாரும் வியக்கவில்லை, விளிக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையிலிருந்து மேடைப் பேச்சுத் தொகுப்பு வரைக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது. உங்கள் ஆசிரியரின் கட்டுரைகளில் பேச்சாக நிகழ்த்தியவை இருந்தால், நீங்கள் எடுத்ததில் பாதியாவது இப்படி விளித்த இடங்களாக இருக்கும். பழைய பிரதியை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

காற்புள்ளி விஷயத்திலும் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் இளமைக்கால நினைவுகளை எழுதிக் கொண்டுவந்தார். நீள நீளமான வாக்கியங்கள், காற்புள்ளி காற்புள்ளியாகப் போய்க்கொண்டே இருக்கும். நான் அவற்றை வெட்டி, முற்றுப்புள்ளி வைத்து, பள்ளிக்கூடக் கட்டுரை போல அடுக்கிவிட்டேன். இலக்கணப்படி எதுவும் தவறில்லை. அவர் மெய்ப்பை வாங்கி, என் எதிரிலேயே உட்கார்ந்து, முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நிற்பார், தலையை ஆட்டிக்கொள்வார், அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவார். பக்கம் முடிந்ததும், "எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. நான் பேசுற மாதிரி இல்ல" என்றார். அவருடைய அம்மா கிணற்றடியில் நீர் இறைப்பதைச் சொல்லும் ஒரு வாக்கியம், வாளி இறங்கி, நிரம்பி, ஏறி வரும் வரைக்கும் நிற்காமல் போயிருக்கும். நான் அதை நான்காக வெட்டியிருந்தேன். முப்பது பக்கத்தையும் மறுபடி பழையபடி ஆக்கினேன். அதற்குப் பிறகு, வினையெச்சங்களுக்கு நடுவில் இருக்கும் காற்புள்ளியைத் தொடும் முன் வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். படிக்கும்போது மூச்சு அங்கே நின்றால் குறி இருக்கட்டும்.

உங்கள் ஆசிரியரிடமும் அதைத்தான் செய்யச் சொல்வேன். மூன்று பக்கம் மட்டும் எடுங்கள். நீங்கள் நீக்கிய காற்புள்ளிகளைப் பென்சிலில் மறுபடி வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். அவரையே படிக்கச் சொல்லுங்கள். எது அவருக்கு வேண்டும், எது கைப்பழக்கத்தில் விழுந்தது என்று அவரே சொல்லிவிடுவார். போனில் இது நடக்காது.

உங்கள் லே-அவுட் அண்ணன் கேள்விக்குறிக்கு முன்னால் இடம் விடுவதை அறியாமை என்று நினைக்காதீர்கள். ஈய எழுத்துக் காலத்தில் கேள்விக்குறி, வியப்புக்குறி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி இவற்றுக்கு முன்னால் ஒரு மெல்லிய ஸ்பேஸைச் சொருகுவார்கள், குறி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. பழைய புத்தகங்களைப் புரட்டினால் கண்ணில் படும். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அப்படிக் கோத்தவராக இருப்பார். கணினியில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் விழுவது அந்த மெல்லிய இடம் இல்லை, முழுச் சொல்லிடைவெளி. வரியின் ஓரத்தில் அது மாட்டிக்கொண்டால் சொல் மேலே நின்றுவிடும், கேள்விக்குறி மட்டும் அடுத்த வரியின் தொடக்கத்துக்கு இறங்கிவிடும். இதை விதியாகச் சொல்லாமல், அப்படி இறங்கி நிற்கும் ஒரு கேள்விக்குறியை வட்டமிட்டு எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள். முப்பது வருடம் பக்கம் கட்டியவருக்குப் பார்த்ததும் புரியும்.

எழுத்தைப் பரப்புவதில் நான் முழுக்க உங்கள் பக்கம். ஆங்கில எழுத்தை விலக்கி வைத்தால் அழகு கெடும், அவ்வளவுதான். தமிழில் படிப்பதே கெடும். நம் கொம்புகள் தாம் சேர வேண்டிய எழுத்துக்கு முன்னால் நிற்பவை. 'சாலையோரம்' என்ற சொல்லைப் பரப்பிப் பாருங்கள். ஐகாரக் கொம்பு லகரத்தை விட்டு விலகி, முன்னால் இருக்கும் 'சா'வின் பின்னால் போய் ஒண்டிக்கொள்ளும். கண் ஒரு தரம் பின்னால் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். பக்கத்துக்குப் பத்து இடம் இப்படி என்றால், வாசகருக்கு ஏன் என்று தெரியாமலே அலுப்பு வரும், புத்தகத்தை மூடிவைத்துவிடுவார்.

ஆனால் அவர் ஏன் பரப்புகிறார் என்று பார்க்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரண்டு ஓரமும் சமமாக வர வேண்டும் என்றால் வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கும், நடுவில் பள்ளம் பள்ளமாக விழும். நம் அச்சுக்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். சொல்லை வரியோரத்தில் உடைத்தார்கள், இணைப்புக்குறிகூடப் போடாமல். செய்தித்தாளை அப்படிப் படித்தே வளர்ந்ததால் நமக்கு அது தடுக்குவதில்லை. ஒரே ஒரு கண்டிப்பு: அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. 'பக்கம்' என்ற சொல் உடைந்தால் 'பக்' மேலே, 'கம்' கீழே. 'க்கம்' என்று ஒரு வரி தொடங்கினால் அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்புங்கள், இதில் தாட்சண்யம் வேண்டாம். பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில், வரிகளை அமைக்கும் 'வேர்ல்ட்-ரெடி' என்ற காம்போசரில் ஓட்டுகிறாரா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் யூனிகோடு எழுத்தை ஓட்டினால் கொம்பெல்லாம் இடம் மாறி உட்காரும். வரியிடைவெளியும் தாராளமாக இருக்கட்டும். கீழே இறங்கும் 'ழு'வும் மேலே சுழிக்கும் 'கீ'யும் அடுத்தடுத்த வரிகளில் முட்டக் கூடாது. 11 பாயிண்ட் எழுத்துக்கு 15 பாயிண்டாவது விடச் சொல்வேன். சாய்ந்த எழுத்து தமிழுக்குப் பழக்கமில்லை, கணினி அதைச் சும்மா சரித்துவைக்கிறது. அழுத்தம் வேண்டும் என்றால் தடித்த எழுத்து போதும். அடிக்கோடு வேண்டவே வேண்டாம், 'கு', 'மு' இவற்றின் அடிப்பகுதியை வெட்டிவிடும்.

அப்புறம் அந்த நடுவில் இருக்கும் வழக்கங்கள். நீங்கள் அதிகம் களைத்துப்போவது இதில்தான் என்று நினைக்கிறேன். 1978இல், 1978-ல், 1978ல்: மூன்றும் அச்சில் இருக்கின்றன. தி.மு.க.வா, திமுகவா? முதலெழுத்துக்குப் பின் இடம் விடுவதா, வேண்டாமா? 'ரூ.500'ஆ, 'ரூ. 500'ஆ? எனக்கு ஒவ்வொன்றிலும் உறுதியான கட்சி உண்டு. ஆனால் வாசகர் இதில் எதிலும் தடுக்கி விழமாட்டார். ஒரே புத்தகத்தில் இரண்டு விதமாக வந்தால் மட்டும்தான் தடுக்கும்.

நான் பள்ளியில் படித்தபோதுதான் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது, 1978இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். பெரியார் 1935இலேயே 'குடிஅரசு' இதழில் அந்தச் சீர்திருத்த எழுத்துகளை அச்சிடத் தொடங்கிவிட்டார். நடுவில் 43 வருடம். எங்கள் வீட்டு அலமாரியில் யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய 'லை' உள்ள புத்தகமும் இருந்தது, இப்போதைய 'லை' உள்ள புத்தகமும் இருந்தது. இரண்டையும் படிக்க வந்தது. இரண்டும் கலந்து வந்த பக்கத்தில்தான் விரல் நின்றது.

அதனால் உங்கள் பதிப்பகத்துக்கு ஒரு நடைத்தாள் எழுதுங்கள். நீளமாக வேண்டாம், ஒரு பக்கம். ஐயம் வரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு, ஓர் எடுத்துக்காட்டு. ஒன்றரை லட்சத்தை 1,50,000 என்று எழுதுவோம், நேரத்துக்கு 10.30 என்று புள்ளி வைப்போம், நூல் பெயருக்கு ஒற்றை மேற்கோள்குறி, இப்படி. மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு' கைவசம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எழுதும்போது லே-அவுட் அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று இடத்தில் அவர் சொல்வதற்கே விட்டுக்கொடுங்கள். முதலாளியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு ஆசிரியர்கள் கேட்டால், "எங்கள் வழக்கம் இது ஐயா" என்று தாளை நீட்டலாம். அது உங்கள் சொந்தச் சண்டையாக இருக்காது.

மாமியார் விஷயத்தில் எனக்கு வருத்தமாக இருந்தது. 'சாப்டியா.....' என்று ஐந்து புள்ளி வைத்து ஒருவர் அனுப்பினால், அது அச்சுக்குப் போகும் பிரதி இல்லை. உங்கள் பதிலுக்காக அவர் அந்தப் பக்கம் காத்திருக்கிறார், அந்தப் புள்ளிகள் அதைத்தான் சொல்கின்றன. இன்றைக்கு நீங்களே முதலில் எழுதுங்கள். ஏதாவது ஒரு கூட்டு எப்படி வைப்பது என்று கேளுங்கள். பதில் எந்த எழுத்தில் வருகிறதோ அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக ஒன்று, அந்தக் கட்டுரைத் தொகுப்பு அச்சுக்குப் போகும் முன் செய்ய வேண்டியது. ஆசிரியர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றியிருந்தால், காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் 'இ' நிற்கிறதா என்று பாருங்கள். பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது 'இ', காற்புள்ளிக்கு விசை வேறு. அதனால் 'மதுரைஇ திருச்சிஇ தஞ்சை' என்று வந்து நிற்கும். அதோடு, 'ஔ' என்ற ஒரே எழுத்தை 'ஒ', 'ள' என்று இரண்டாக அடித்திருப்பார்கள். அச்சில் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியாது. ஆனால் மின்நூலில் 'ஔவை' என்று தேடுபவருக்கு ஔவையார் கிடைக்கவே மாட்டார். கோப்பில் 'ஒளவ' என்று ஒரு தரம், 'ஒளட' என்று ஒரு தரம் தேடி மாற்றிவிடுங்கள். வெறும் 'ஒள' என்று தேடி மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், 'ஒளி'யும் 'ஒளிவு'ம் சேர்ந்து கெட்டுவிடும்.